யாரும் அடிக்காமல் வந்த நீலம்

தம்பி,

நேரில் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. ஆனால் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் "விடும்மா" என்று எழுந்து வண்டிச் சாவியைத் தேடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அதுவும் நல்லதுதான், தாவித் தாவிப் படிக்க முடியாது. நித்யாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு நீ காதில் மட்டும் வாங்கிக்கொள்ளாதே. முதலில் நீ படி, பிறகு அவளிடம் கொடு.

போன ஞாயிற்றுக்கிழமை நித்யாவின் வளைகாப்புக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச வந்தாய். அப்பா பால் வாங்கப் போயிருந்தார். நான் அடுப்படியில் நின்றிருந்தேன், நீ கதவில் சாய்ந்துகொண்டு ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னாய். நித்யாவுக்கு ரத்தத்தில் பிளேட்லெட் அறுபத்தைந்தாயிரம்தான் இருக்கிறது, முழங்கைக்கு மேலே இரண்டு இடத்தில் நீலம் பாய்ந்திருக்கிறது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு உன்னை வெளியே உட்காரச் சொல்லி, வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களா என்று அவளிடம் தனியாகக் கேட்டிருக்கிறார். நித்யா சிரித்துக்கொண்டே இதை உன்னிடம் சொன்னாளாம். உனக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னப் பாத்தா பொண்டாட்டிய அடிக்கிறவன் மாதிரியாம்மா இருக்கு? நான் என்ன அப்பாவா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, தட்டிலிருந்த வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். நீ எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய் என்பதிலிருந்தே, எத்தனை வருஷமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது.

உன் அப்பா என்னை அடித்ததில்லை. ஒரு முறைகூட இல்லை. சத்தம் போடுவார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார், அதெல்லாம் உண்டு. நானும் சும்மா இருந்தவள் இல்லை, பதிலுக்குப் பதில் கொடுத்திருக்கிறேன். ஆனால் கை நீட்டியது கிடையாது. அவர் அடித்தார் என்ற பேச்சு ஆனேக்கல்லில் மாமா வீட்டிலிருந்து கிளம்பியது. மாமா வீட்டுக்கு அது என்னிடமிருந்து போனது. நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

நீ வயிற்றில் ஏழு மாதம். நான் அப்போது ஹெப்பகோடியில் கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். தொடையில், இடுப்பில், கையில் அங்கங்கே நீலம் பாயும். மெஷின் மேஜையில் இடித்திருப்போம், பஸ்ஸில் கம்பியில் இடித்திருப்போம் என்று நானே காரணம் சொல்லிக்கொள்வேன். பல் தேய்த்தால் நுரை சிவப்பாக வரும். காலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும், கொசு என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் நான் போன கிளினிக்கில் ரத்தம் எத்தனை பாயிண்ட் என்று மட்டும்தான் பார்ப்பார்கள். பத்து பாயிண்ட் இருக்கிறது, சந்தோஷமாகப் போ என்று அனுப்பிவிடுவார்கள். பிளேட்லெட் என்ற வார்த்தையையே நான் கேட்டதில்லை.

வளைகாப்புக்கு முதல் நாள் எனக்கும் உன் அப்பாவுக்கும் பெரிய சண்டை. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் நம் வழக்கம். எனக்கு அப்பா அம்மா இல்லை, தாய்வீடு என்றால் ஆனேக்கல்லில் அண்ணன் வீடுதான். உன் அப்பா, பிரசவம் இங்கேதான், இங்கே ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, அங்கே அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். எனக்கோ காலை நீட்டிப் படுத்து, அண்ணி சமைத்துப் போடுவதைச் சாப்பிட வேண்டும் என்று ஏக்கம். மறுநாள் மனையில் உட்கார வைத்தார்கள். அண்ணி என் கையில் சந்தனம் பூசிக்கொண்டே வந்தவள், வளையலை ஏற்றுவதற்காக ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு கையிலும் பட்டை பட்டையாக நீலம். அண்ணன் உன் அப்பாவைப் பார்த்து, "இன்னா மாப்ளே, மாசமா இருக்குறவ மேல கை வெச்சியா?" என்று கேட்டார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏன் குனிந்தேன் என்று இருபத்தெட்டு வருஷமாக யோசிக்கிறேன். முதல் நாள் கோபம் அடங்கவில்லை, அது ஒன்று. "இல்லண்ணா, இவர் அடிக்கல" என்று சொன்னால் அவர் பக்கம் ஜெயித்துவிடும், ஹெப்பகோடியிலேயே கிடக்க வேண்டும், அது இன்னொன்று. சொல்லாமல் இருந்தால் அண்ணன் இப்போதே கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, இவ்வளவு கணக்கும் மனசுக்குள் ஓடிவிட்டது. சாயங்காலமே ஆட்டோவில் ஆனேக்கல் போய்ச் சேர்ந்தேன். கை நிறைய கண்ணாடி வளையல், வயிற்றில் நீ. பெரிய காரியம் சாதித்த மாதிரி இருந்தது எனக்கு.

அங்கே பதினோரு நாள் இருந்தேன். வாயில் ரத்தம் கூடிக்கொண்டே போனது. அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் புருஷனைக் கூப்பிடு என்பார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் உன் அப்பா ஆனேக்கல் பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார். அண்ணன் உள்ளே விடவில்லை. பேச்சு தடித்தது, அண்ணன் ஓங்கி ஒரு அறை விட்டார். தெருவே கேட்கிற மாதிரி சத்தம். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா திருப்பி அடிக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

"பாரு மச்சான், உன் பலத்தையெல்லாம் வெச்சு அடிச்ச. நீலம் பாஞ்சிருக்கா? நான் அவள தொட்டதே இல்ல. ஆனா அவ கையெல்லாம் நீலமா கீது. இது எப்டி வரும்? லேத்துல ஒரு பீஸ் தப்பா வந்தா, என் கை தப்பு பண்ணலன்னு எனக்கு நிச்சயமா தெரிஞ்சா, மெட்டீரியல்லதான் கோளாறு. பதினோரு நாளா இதத்தான் யோசிச்சினு இருக்கேன். அவளுக்கு உள்ள ஏதோ ஆயிடுச்சு. டாக்டர் கிட்ட காட்டு. காட்டிட்டு வந்து இன்னும் நாலு அடி அடி, வாங்கிக்கிறேன்."

தம்பி, இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. எல்லோரும் என் கையைப் பார்த்து அடி என்று நினைத்தார்கள். அடிக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த இரண்டு பேர் நானும் அவரும்தான். நான் தெரிந்தும் யோசிக்கவில்லை, தெரிந்ததை எனக்கு வசதியாக வைத்துக்கொண்டேன். அவர் பதினோரு நாள் மானம் போய் உட்கார்ந்திருந்தவர். அந்த மனுஷன் தன் மானத்தை மீட்க வரவில்லை, நான் அடிக்காமல் இது எப்படி வந்தது என்று கேட்க வந்தார். பத்தாவது தாண்டாத லேத் ஆபரேட்டர். ஒரு டாக்டர் யோசிக்க வேண்டியதை பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்துவிட்டு வந்திருந்தார்.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு என்னைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த லேபுக்குக் கூட்டிப் போனார். உன் அப்பா பத்தடி தள்ளிப் பின்னால் வந்தார். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை, பஞ்சு மாற்றி மாற்றி வைத்தார்கள். லேப்காரர் முடிவைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை எடுத்தார், கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் அவரே குனிந்து பார்த்தார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது ஒன்பதாயிரம் இருந்தது. "ஆட்டோ வேணாம், குலுங்கும். கார் புடிச்சு பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, இப்பவே போங்க" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, கன்னடக்காரர், எனக்காகத் தமிழில் பேசினார். "ஹெதர்பேடம்மா, பயப்படாதே. நம்ம ரத்தத்துல சின்னச் சின்னத் துணுக்கு இருக்கு. எங்க ரத்தக்குழாய் கிழிஞ்சாலும் ஓடிப்போய் அடைக்கிறது அதோட வேலை. உன் உடம்போட காவல்காரங்க அதையே திருடன்னு நெனச்சு புடிச்சுக் கொல்றாங்க. அந்தக் காவல்காரங்க கொஞ்சம் பேர் குழந்தைகிட்டயும் போவாங்க. அங்க போயும் அதே வேலைதான் செய்வாங்க." எனக்கு ரத்தம் நிற்காமல் போகலாம், உனக்குத் தலைக்குள் ரத்தம் கசியலாம், இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும் என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. அதற்காக இன்றுவரை அவரைக் கும்பிடுகிறேன்.

படுக்கையில் கிடந்தபோது அந்தத் துணுக்குகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பேன். நடக்கிறோம், உட்காருகிறோம், எங்கேயோ இடித்துக்கொள்கிறோம். உள்ளே ஒவ்வொரு நாளும் எத்தனையோ இடத்தில் நூல் பிரிகிறது, கேட்காமலேயே யாரோ தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருபத்து மூன்று வருஷம் எனக்குள் இது நடந்திருக்கிறது, தையல்காரியான எனக்கே தெரியவில்லை. இன்னொன்றையும் நினைத்து நினைத்து மலைத்துப்போவேன். என் உடம்பு தன் சொந்த ரத்தத்தையே அந்நியம் என்று நினைத்துக் கொன்றது. பாதி உன் அப்பாவாக இருந்த உன்னை மட்டும் அந்நியம் என்று நினைக்காமல் எட்டு மாதம் சுமந்துகொண்டிருந்தது. இதை டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எங்களுக்கும் முழுசா தெரியாதும்மா" என்றார்.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முகம் பூரி மாதிரி உப்பியது, எண்ணிக்கை மெல்ல நாற்பதாயிரத்துக்கு வந்தது. வலி எடுத்த அன்று, வலி குறைய முதுகில் போடும் ஊசியைப் போட முடியாது என்றார்கள். முதுகுத்தண்டு பக்கத்தில் ரத்தம் கட்டிவிட்டால் கால் வராமல் போகுமாம். ஆயுதம் வைத்து உன் தலையை இழுக்கவும் மாட்டேன், நீயேதான் பெற்றாக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ரத்த வங்கிக்குப் போய்வந்த உன் அப்பா, பிளேட்லெட் மஞ்சளாக இருக்கிறது, பருப்புத் தண்ணி மாதிரி, பையில் போட்டு ஒரு தட்டில் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள், நிறுத்தினால் கெட்டுவிடுமாம் என்று கண்ணை அகல விரித்துச் சொன்னார். அவரும் அண்ணனும் பதிலுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல். எனக்கு ஏறியது முகம் தெரியாத யார் யாருடையதோ. அவர்கள் எந்த ஊர், எந்தப் பாஷை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நீ பிறந்து அழுதாய். தொப்புள்கொடியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், உனக்கு முப்பதாயிரம். நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. உனக்குச் சதையில் ஊசி எதுவும் போடாதீர்கள் என்று கட்டிலில் எழுதித் தொங்கவிட்டார்கள். இன்னும் இறங்கும், முதல் நாலைந்து நாள்தான் பயம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார், சொன்னபடியே நாலாம் நாள் பதினாலாயிரம் ஆனது. சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார்கள். உன் அப்பா உன்னைப் பிடித்துக்கொண்டார், நான் சக்கர நாற்காலியில் இருந்தேன். உன் உச்சிக்குழியில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, அதன் மேல் கருவியை வைத்தார்கள். எலும்பு இன்னும் மூடாத அந்த இடம்தான் ஜன்னல், அது வழியாக உள்ளே தெரியும் என்றார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக என்னென்னவோ தெரிந்தது. பிறந்து நாலு நாள் ஆன என் பிள்ளையின் மூளையை நான் பார்த்தேன் தம்பி. எந்தத் தாய் அதைப் பார்த்திருப்பாள்? ஸ்கேன் டாக்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "ஏனூ இல்லம்மா, கிளீன்" என்றார், ஒன்றும் இல்லையாம். உன் அப்பா நின்றபடியே அழுதார். அவர் கண்ணீர் உன் தலையில் விழுந்துவிடப் போகிறதே என்று நர்ஸ் அதட்டினார்.

உனக்கு வியாதியே இல்லை, என்னிடமிருந்து வந்த காவல்காரர்கள்தான் உனக்குள் அட்டகாசம் செய்தார்கள். நாளாக நாளாக அவர்கள் தானாகக் கரைந்துபோனார்கள். இரண்டாவது மாதம் பார்த்தபோது உனக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். என்னைவிட ஆறு மடங்கு. உன் அப்பா அந்த ரிப்போர்ட்டை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நித்யாவுக்கும் இப்படித்தான் ஆகும் என்று பயந்து சாகாதே. அவளுடையது கர்ப்பத்தில் சாதாரணமாகக் குறைவதாகவே இருக்கலாம், அது பிள்ளை பிறந்ததும் சரியாகிவிடும், குழந்தையைத் தொடாது. என்னுடையதைப் போலவும் இருக்கலாம், அதைப் பரிசோதித்துத்தான் சொல்வார்கள். சொல்கிற தேதியில் கூட்டிப்போ. அவர்களைக் கேட்காமல் வலி மாத்திரை கொடுக்காதே. பப்பாளி இலைச்சாறு கொடு என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதை எனக்கு அனுப்பு, அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவள் குடும்பத்திலிருந்து வந்ததா நம் குடும்பத்திலிருந்து வந்ததா என்ற ஆராய்ச்சியும் வேண்டாம். அவள் உடம்பில் ஓடுவது என் ரத்தமா என்ன? அப்புறம், உன்னை வெளியே உட்கார வைத்த அந்த டாக்டர் மேல் கோபப்படாதே. அன்றைக்கு வளைகாப்புக் கூட்டத்துக்கு நடுவில் கேட்காமல், ஒரு கதவைச் சாத்திக்கொண்டு யாராவது என்னைத் தனியாகக் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். பதினோரு நாள் மிச்சமாகியிருக்கும்.

நோய் தெரிந்த பிறகும் நான் அண்ணனிடம் சொல்லவில்லை. லேசாகத் தட்டினாலே நீலம் பாய்கிற உடம்பு, அவன் லேசாகத் தட்டியிருப்பான் போலிருக்கிறது என்று அவர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அதைத் திருத்தினால், அப்புறம் ஏன் தலையைக் குனிந்தாய் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து விட்டுவிட்டேன். ஆனேக்கல்லில் எந்த விசேஷம் வந்தாலும் உன் அப்பாவுக்கு ஷிஃப்ட் இருக்கும். ஏன் என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பிய பிறகு அவர் பாலோடு வந்தார். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "தெரியும்" என்றார். நீ எட்டாவது படிக்கும்போது ஆனேக்கல்லில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டு வந்து, மொட்டை மாடியில் அவரிடம் நேராகவே கேட்டாயாம், அம்மாவை அடித்தீர்களா என்று. எனக்கு இது அன்றுதான் தெரியும். இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே என்று கத்தினேன்.

"இல்லன்னு சொன்னா, அப்ப அம்மா ஏன் தலையக் குனிஞ்சாங்கன்னு கேப்பான். நான் இன்னா சொல்றது? பதிமூணு வயசுப் பையன் கிட்ட, உங்கம்மா பொய்யா இருந்தான்னு சொல்றதா? என் மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போறான், உன் மடியிலதான தூங்குறான்" என்றார். சொல்லிவிட்டு பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்தார். நான் அடுப்பு முன்னாலேயே நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், இருபத்தெட்டு வருஷம் கழித்து. "டீ போடு" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆனேக்கல் போய் அண்ணனிடமும் அண்ணி எதிரிலேயே சொல்லிவிட்டேன். அண்ணன் "அப்ப நான் அவன அடிச்சது?" என்று கேட்டார். அதை அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளட்டும்.

மொட்டை மாடியில் நீ கேட்டபோது அவர் ஏன் பேசாமல் நின்றார் என்று இப்போது உனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக வீட்டுக்கு வருகிறாய், சாப்பிடுகிறாய், "அப்பாகிட்ட சொல்லிடும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறாய். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் சொல்ல மாட்டேன். அவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்டு வைக்காதே, அந்த மனுஷனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சட்டை போடாமலேயே தெருவுக்குப் போய்விடுவார். நித்யாவுக்கு இந்த வாரம் எவ்வளவு இருக்கிறது என்று சொல், போதும். படித்து முடித்ததும் போன் செய். எனக்கு வேண்டாம், அவருக்குச் செய்.

அம்மா